எங்கள் வீட்டுச் சமையற்கட்டு
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாய்லர் வேலை பார்க்கிற இவன் நிலக்கரியைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்து வந்திருப்பீர்கள். மன்னிக்கணும். நான் இட்லி மாவைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம், விஷயம் இருக்கிறது!

என் மனைவிக்கு மாதத்தில் பாதி நாள் இரவு டூட்டி. வீட்டில் என் அம்மா, ஏழு வயதுப் பெண், நான்கு வயதுப் பையன். அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமானபோது கரண்டி என் கைக்கு வந்தது. ஹாஸ்டலில் நாலு வருஷம் மெஸ் சாம்பாரைக் குறை சொன்னவன் நான். அந்தப் பாவம் சும்மா விடுமா?

நான் அடுப்படியில் நிற்க, பிள்ளைகளும் வந்து நின்றார்கள். விரட்டினால் டி.வி.யைப் போடுவார்கள். சரி, ஏதாவது வேலை கொடுப்போம் என்று முருங்கைக்கீரையை உருவச் சொன்னேன். சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு உரிக்கச் சொன்னேன். கால் மணியில் முடிகிற வேலை ஒரு மணி நேரமாயிற்று. ஆனால் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்று மட்டும் சொல்லும் பெண், கீரை உருவும்போது தானாகப் பேச ஆரம்பித்தாள். யார் யாரோடு 'கா' விட்டார்கள், யாருடைய பென்சில் காணோம், எல்லாம் வந்தது. நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பையனுக்கு உளுந்துதான் பிடித்தது. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம், இது அம்மாவின் கணக்கு. கிரைண்டரில் உளுந்து பொங்கி வரும்போது ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட வேண்டும். மிதந்தால் பதம் சரி. அத்தனை காற்று மாவுக்குள் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அவன் ஒவ்வொரு நிமிஷமும் ஒரு சொட்டுப் போட்டு, தரையெல்லாம் மாவாக்கி, "மிதக்குதுப்பா!" என்று கத்துவான். கரைத்த மாவில் கொஞ்சம் ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, மட்டத்தில் ரப்பர் பேண்டு போட்டு வைப்போம். இராத்திரி முழுக்க நுண்ணுயிர்கள் மாவைத் தின்று வாயுவை விடுகின்றன, அதனால்தான் புளித்து ஏறுகிறது என்று சொல்லி வைத்தேன். ஒரு நாள் நடு இரவில் எழுந்து வந்து, "அப்பா, அதுங்க சாப்பிட்டு முடிச்சுதா?" என்று கேட்டான். மார்கழியில் ரப்பர் பேண்டைத் தாண்ட வெகு நேரமாகும். அதற்குக் குளிர் என்று நான் சொல்லவில்லை, அவனே கண்டுபிடித்து மூடிமேல் தன் குல்லாவைப் போட்டு வைத்தான்.

இனிமேல் சொல்வது அவ்வளவு சுகமான விஷயம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளிப்பு. பெண் ஸ்டூல்மேல் நின்றிருந்தாள். "நான் போடறேன்ப்பா" என்றாள், சரி என்றேன். அப்போதுதான் கழுவிய ஈரக் கறிவேப்பிலையைக் காய்ந்த எண்ணெயில் போட்டாள். தெறித்தது. மணிக்கட்டுக்குமேல் இரண்டு இடத்தில் பட்டுவிட்டது.

தண்ணீர் நீராவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரிகிறது. இந்தக் கல்லூரியில்தான் படித்தேன். ஸ்டீம் டேபிளைப் புரட்டிப் புரட்டிப் பரீட்சை எழுதினேன். கறிவேப்பிலையைத் துடைத்துப் போடு என்று சொந்தப் பெண்ணிடம் சொல்லத் தோன்றவில்லை.

அம்மா "இட்லி மாவை அள்ளித் தடவுடா" என்று ஓடி வந்தார். நான் தடவவில்லை. இங்கே இருக்கும் தம்பி தங்கைகள் இதை நினைவில் வையுங்கள்: மாவு, இங்க், பற்பசை, ஐஸ் எதுவும் கூடாது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் கையைக் காட்டச் சொன்னேன். அந்த 20 நிமிஷம் போல நீளமான நேரம் என் வாழ்க்கையில் இல்லை. பிறகு டாக்டரிடம் போனோம். நல்லவேளை, ஆழமான காயமில்லை.

மனைவி வந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை. "உங்க பிளாண்ட்ல இப்படித்தான் விடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பிளாண்டில் பர்மிட் இல்லாமல் ஒரு வால்வைத் தொட முடியாது. ஹெல்மெட் இல்லாமல் வந்த கான்டிராக்டரைத் திருப்பி அனுப்பியவன் நான். என்னத்தைப் பதில் சொல்ல?

மூன்று வாரம் பிள்ளைகளுக்குச் சமையற்கட்டில் தடை. வீடு அமைதியாக இருந்தது. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. பையன் வாசற்படியில் நின்றபடியே ரப்பர் பேண்டை எட்டிப் பார்ப்பான். பெண் எட்டியும் பார்க்கவில்லை, அதுதான் என்னை உறுத்தியது. பயந்துவிட்டாளோ?

நாலாவது வாரம் நோட்டுப் புத்தகத்தில் கிழித்த ஒரு தாளோடு வந்தாள். மேலே "பர்மிட்" என்று எழுதியிருந்தது. அம்மாவும் பெண்ணும் சேர்ந்து தயாரித்தது. அடுப்பு எரியும்போது சாக்பீஸ் கோட்டைத் தாண்டக் கூடாது. வாணலிக் கைப்பிடி சுவர்ப் பக்கம் இருக்கணும். கறிவேப்பிலை துடைத்தாச்சா? குக்கர் ஆவி அடங்கியாச்சா? முடிந்ததும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடியாச்சா? கீழே பொறுப்பாளர் கையெழுத்து. பொறுப்பாளர் நான் இல்லை, அவள்!

இன்றைக்கும் அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது. போன வாரம் ஆபீசிலிருந்து தாமதமாக வந்த அவசரத்தில் கைப்பிடியை வெளிப்பக்கம் விட்டுவிட்டேன். கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்துவிட்டாள். பர்மிட் ரத்து. அன்று இரவு எல்லோருக்கும் தயிர்சாதம்தான்.