பள்ளியா, பல்லியா?



"சார், காய்ச்சல். நாளைக்குப் பல்லிக்கு வரமாட்டேன்" என்று ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கைப்பேசியில் எழுதியனுப்பினான். சிரித்துவிட்டேன். பிறகுதான் கவலை வந்தது.

கைப்பேசியில் தமிழ் எழுத இரண்டு முறைகள் பரவலாக உண்டு. நம் நாட்டு முத்து நெடுமாறன் 2005இல் தந்த செல்லினத்திலும் இரண்டும் உள்ளன. அஞ்சல் முறையில் ஆங்கில எழுத்தால் தமிழைத் தட்டுகிறோம். சின்ன 'எல்' தட்டினால் லகரம், பெரிய 'எல்' என்றால் ளகரம். அவசரத்தில் மறந்தோமா, பள்ளி பல்லியாகிச் சுவரேறிவிடும்!

1999இல் சென்னை மாநாட்டில் உருவான தமிழ்99 அப்படியல்ல. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இந்த 31 விசைகளுக்குள் 247 எழுத்தும் அடக்கம். ப, ள, ள, இ என நாலே தட்டு. முதல் ளகரத்துக்குப் புள்ளி தானாக விழும். பழகும்வரை சிரமந்தான், எனக்கே விரல் தடுமாறியது. ஆனால் லகர, ளகர, ழகரம் மூன்றுக்கும் தனித்தனி விசை. பிள்ளை எழுத்தைத் தேடித்தான் ஆகவேண்டும்.

பேசினாலே எழுதித் தரும் வசதியும் வந்துவிட்டது. பாட்டிமார்க்கு அது போதும். பெற்றோர்களே, பிள்ளையின் கைப்பேசியை இன்றிரவே தமிழ்99க்கு மாற்றிக் கொடுங்கள். முதல் வாரம் முணுமுணுப்பான், விட்டுவிடாதீங்க.