பழைய லோரியும் டிரைவரின் பெயரும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில், கிளைச் செயலாளரான கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டத்தில் லோரி ரிப்பேரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணலாம். அடியோடு கெட்டு நின்ற லோரியைப் பற்றி வாதம் எழாது. அதை எவரும் கண்ணால் காணலாம். விட்டுவிட்டுக் கெடும் லோரிதான் தொழில் தகராறாக முடிகிறது. காலையில் பால் ஏற்றிக்கொண்டு மேட்டில் மூச்சு வாங்கிய லோரி, பத்து மணிக்குப் பட்டறை வாசலில் குதிரை போல ஓடும். போர்மன் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றும் இல்லையே" என்பார். ஸ்டோருக்குப் பிந்தி வந்த பால் உறைந்துபோயிருக்கும். அடுத்து டிரைவர் கைக்கு வருவது எச்சரிக்கைக் கடிதம். ஆகவே, நோயைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருப்பது நமக்குத் தற்காப்பாகும்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். யந்திர விசையால் எண்ணெய் தள்ளும் பம்பு உள்ள பழைய டீசல் லோரி, ஸ்டார்ட் ஆன பிறகு ஓடுவதற்கு மின்சாரம் ஏறக்குறைய வேண்டியதில்லை. (கம்ப்யூட்டர் வைத்த புது லோரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.) எனவே விளக்கு மங்குவது ஒரு நோய், மேட்டில் இழுவை குறைவது வேறு நோய். பாட்டரியை மாற்றிவிட்டு இழுவை வரவில்லையே என்று ஏங்குவது வீண். இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. பல லோரிகளில் எண்ணெயைத் திறந்து மூட ஒரு மின்வால்வு இருக்கிறது. அதற்குப் போகும் வயர் தளர்ந்திருந்தால், சக்கரம் குழியில் விழும்போது எண்ணெய் அடைபட்டு என்ஜின் சட்டென்று அணைந்துவிடும்.

மின்சாரக் கோளாறு

24 வோல்ட் லோரியில் 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டு இருக்கும். என்ஜின் ஓடாதபோது, நன்றாகச் சார்ஜ் ஆன ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் அளவு காட்டும். என்ஜின் ஓடும்போது இரண்டும் சேர்ந்து சுமார் 28 வோல்ட் காட்ட வேண்டும். ஏறவில்லையானால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் சில நேரம் எல்லாம் செத்துப்போனால், பெரும்பாலும் குற்றவாளி எர்த் வயர்தான். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் மைனஸ் முனையிலும், மறு முனையை என்ஜின் இரும்பிலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் துருவோ தளர்ச்சியோ இருக்கிறது. பிறகு விளக்கைப் போட்டு, வயர்க் கட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். விளக்கு சிமிட்டும் இடமே நோயின் இடம். பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றிவிடாதீர்கள். போக வேண்டிய பியூஸ் போகாவிட்டால் வயர் எரியும்.

இழுவைக் கோளாறு

இதற்குப் புகையே சாட்சி. இழுவை குறையும்போது கரும்புகை தள்ளினால் பெரும்பாலும் காற்றுப் பற்றாக்குறை. செம்மண் தூசி அடைத்த காற்று பில்டரைப் பாருங்கள். புகையே இல்லாமல் தளர்ந்தால் டீசல் பற்றவில்லை என்று கொள்ளலாம். டாங்கி மூடியைத் திறக்கும்போது காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, பிறகு லோரி நன்றாக இழுத்தால், காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சற்று நிறுத்தி வைத்தால் தானே சரியாகிறதா? டாங்கியிலுள்ள குப்பை குழாய் வாயை மூடி, என்ஜின் நின்றதும் விலகி விழுந்திருக்கலாம். இதனால்தான் பட்டறை வாசலில் ஒன்றும் தெரிவதில்லை. டீசல் பில்டரையும், அடியில் தேங்கும் தண்ணீரையும், காற்று நுழையும் குழாய் மூட்டுகளையும் அடுத்துப் பாருங்கள்.

எழுதி வையுங்கள்

மீட்டரைவிடப் பெரிய கருவி பென்சில். மணி, இடம், பாரம், மழையா வெயிலா, விளக்கின் நிலை, புகையின் நிறம் ஆகிய ஆறையும் கோளாறு வந்த அன்றே எழுதுங்கள். பத்து நாள் குறிப்பைப் பார்த்தால் மழைநாளில் மட்டும் வருகிறதா, பாரத்தில் மட்டும் வருகிறதா என்பது விளங்கிவிடும். புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னதை மறுக்கலாம். கையெழுத்தை மறுப்பது கடினம்.

சட்டமும் நம் பக்கம் உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அனுமதித்தவை தவிர வேறு எதையும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்கிறது. குற்றம் சாட்டி வேலை நீக்குவதானால் முறையான விசாரணை வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், யந்திரங்களைப் பழுதின்றி வைக்கும் கடமையை முதலாளி மேல் சுமத்துகிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அதன் திருத்தம், உடனடி அபாயம் இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி விலகிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது.

தோழர்களே! இறக்கத்தில் என்ஜின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் கனத்துப்போகும். காற்று பிரேக் உள்ள லோரியில் புதிய காற்று நிரம்பாது. பின்னால் நிற்பவர்கள் நம் தாய்மாரும் தங்கைமாரும். அவர்களை ஏற்றிய லோரி ஒருமுறை அணைந்தாலும் அதைச் சிறு விஷயமென்று விடக் கூடாது. அடுத்த கூட்டத்திற்கு ஒவ்வொரு டிரைவரும் தம் குறிப்புப் புத்தகத்துடன் வர வேண்டும். அவற்றைச் சேர்த்து நிர்வாகத்திடம் கொடுக்கும் வேலையைக் கிளை ஏற்றுக்கொள்ளும்.