‘பாத்துக்கலாம் மா’ன்னா என்ன அர்த்தம்?

(இது எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகப் பேச்சு சற்றுத் திருத்திச் சுருக்கப்பட்டிருக்கிறது.)

ரெண்டு மாசமா ஏன் எபிசோட் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. காரணம் ரொம்ப சிம்பிள். வீட்ல வேலை நடந்துட்டு இருந்துச்சு. மைக்கை ஆன் பண்ணா, என் குரலுக்கு முன்னாடி டிரில்லிங் மெஷின் பேச ஆரம்பிச்சிடும்.

எங்க வீடு ஆதம்பாக்கத்துல ஒரு பழைய அபார்ட்மெண்ட், ரெண்டாவது மாடி. அப்பா 1996ல வாங்கினது. ரெண்டு பெட்ரூம், மொசைக் தரை, குறுகலா ஒரு கிச்சன். கீழ் வீட்டுக்காரர் மூணு தடவை மேல வந்து, ‘உங்க பாத்ரூம்லேர்ந்து எங்க சீலிங்ல ஓதம் இறங்குது’ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அதைவிடப் பெரிய விஷயம், அம்மாவோட முட்டி. பாத்ரூம் வாசல்ல நாலு இஞ்ச் உயரத்துக்கு ஒரு திண்டு இருந்துச்சு. அதைத் தாண்டி உள்ள இறங்கணும். ஒரு நாள் ராத்திரி அதுல கால் தட்டி அம்மா விழப் போனாங்க. கதவைப் பிடிச்சதால தப்பிச்சாங்க. மறுநாள் காலையில முடிவு பண்ணிட்டோம், இனிமே தள்ளிப்போட முடியாதுன்னு.

தெரிஞ்சவங்க மூலமா ஒரு கான்ட்ராக்டர் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். கொத்தனாரா ஆரம்பிச்சு மேஸ்திரியா ஆனவர். நான் அண்ணான்னு கூப்பிடுவேன், அவர் என்னை ‘மா’ன்னுதான் கூப்பிடுவார். முதல் நாளே என் போன்ல சேவ் பண்ணி வச்சிருந்த போட்டோ எல்லாத்தையும் காட்டினேன். அவ்வளவையும் பொறுமையா பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். ‘நல்லா இருக்கு மா. துணி காயப்போட கொடி எங்க கட்டுவீங்க?’

நான் சேவ் பண்ண ஒரு போட்டோலகூட கொடி இல்லை.

இன்னைக்கு நான் பேசப் போறது இதைப் பத்திதான். வீட்டு வேலைன்னா டிசைன் நம்ம கையில, வேலை அவங்க கையிலன்னு நாம நினைக்கிறோம். நிஜத்துல டிசைன் முடிவுகள்ல பாதி, நாம ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்கும்போது, காலையில பதினோரு மணிக்கு, கலவை காயறதுக்குள்ள அங்க நிக்கிற ஒருத்தர் எடுக்கிறதுதான். அது நம்ம முடிவா இருக்கணும்னா என்ன பண்ணணும்? நான் அடிபட்டுக் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

முதல் அடி பெட்ரூம்ல. கட்டில் பக்கத்துல ஒரு சுவிட்ச் போர்டு வேணும், எந்த உயரம், எந்த இடம்னு அப்புறம் சொல்றேன்னு சொன்னேன். அண்ணா, ‘பாத்துக்கலாம் மா’ன்னார். ரெண்டு நாள் கழிச்சு ஆபீஸ் விட்டு வந்து பார்த்தா, போர்டுக்குப் பெட்டி பதிச்சு, பூச்சும் முடிஞ்சிருக்கு. சரியா பீரோ வைக்கப் போற இடத்துக்குப் பின்னாடி. எனக்கு வந்த கோபத்துக்கு நல்லாவே கத்திட்டேன். அவரும் விடலை. ‘நீங்க சொல்லலையே மா. ஆளுங்க எவ்வளவு நேரம் நிப்பாங்க?’

அன்னைக்கு ராத்திரி சண்டை ஓய்ஞ்சப்புறம் சிமெண்ட் மூட்டை மேல உட்கார்ந்து அவர் கணக்கு சொன்னார். ஒரு கொத்தனார், ரெண்டு சித்தாள், ஒரு எலக்ட்ரீஷியன், அவருக்கு ஒரு ஹெல்பர். நான் ‘யோசிச்சு சொல்றேன்’னு ஒரு நாள் இழுத்தாலும் அவங்களுக்குக் கூலி உண்டு. சனிக்கிழமை பட்டுவாடா அன்னைக்கு அந்தக் காசு அவர் பாக்கெட்லேர்ந்துதான் போகும். அவர் வேலையை மொத்தமா ஒரு ரேட்டுக்குப் பேசி எடுத்திருக்கார். நான் தயங்குற ஒவ்வொரு நாளும் அவருக்கு நஷ்டம். அதனாலதான் அந்த அவசரம்.

அப்பதான் புரிஞ்சது. ‘பாத்துக்கலாம் மா’ன்னா, ‘நீங்க சொல்லலைன்னா நானே முடிவு பண்ணிடுவேன்’னு அர்த்தம். அதுல ஏமாத்து வேலை எதுவும் இல்லை. அவர் தொழில் அப்படி.

சரி, தீர்வு என்ன? அன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுத ஆரம்பிச்சோம். எல்லா முடிவையும் ஒரே நேரத்துல எடுக்க முடியாது. அதனால ஒரு கேள்விதான் கேட்டேன்: ‘எது முதல்ல சுவத்துக்குள்ளயும் தரைக்குள்ளயும் மறையப் போகுது?’ மறையப் போறதை முதல்ல முடிவு பண்ணணும். கண்ணுக்குத் தெரியறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. நான் என்ன பண்ணியிருந்தேன் தெரியுமா? மூணு வாரம் பெயிண்ட் கலருக்குச் செலவு பண்ணியிருந்தேன். பெயிண்ட் கடைசியா வர்ற வேலை!

மறையப் போற லிஸ்ட்ல முதல்ல தரை மட்டமும் வாட்டமும். அப்புறம் தண்ணி பைப், கழிவு பைப். அப்புறம் ஒயரிங். ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் ஒயர். ஷாக் அடிச்சா உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி, பழைய போர்டுல அது இல்லவே இல்லை. கிச்சன்ல மிக்சி, கிரைண்டர், இண்டக்‌ஷன், ஃபிரிட்ஜ், தண்ணி ஃபில்டர், ஒவ்வொண்ணும் எங்க உட்காரப் போகுதுன்னு சுவத்துலயே சாக்பீஸால வரைஞ்சோம். சுவிட்ச் போர்டு உயரம்கூட வரைஞ்சதுதான். படத்தைக் காட்டினா ரெண்டு பேரும் தலையாட்டுவோம், ஆனா ஆளுக்கு ஒண்ணு புரிஞ்சிருக்கும். சுவத்துல கோடு போட்டா அந்தக் குழப்பம் இல்லை.

இன்னொரு விஷயம், ஒரு முடிவு இன்னொண்ணை இழுக்கும். ஹால் மொசைக்கை உடைக்காம அது மேலயே டைல்ஸ் ஒட்டலாம்னு நினைச்சோம். சத்தம் கம்மி, குப்பை கம்மி. ஆனா தரை முக்கால் இஞ்ச் ஏறும். எல்லாக் கதவையும் அடியில அறுக்கணும். பால்கனி வாசல்ல மழைத்தண்ணி தடுக்கிற உயரம் குறையும். பாத்ரூமை அப்படியே விட்டா, ஹால் ஏற ஏற அது இன்னும் பள்ளமாகும். அதாவது, ஹால் டைல்ஸ் முடிவு அம்மாவோட முட்டி வரைக்கும் போகுது. தனித்தனியா யோசிச்சிருந்தா இதை விட்டிருப்பேன்.

இப்போ பாத்ரூம். பெரிய சண்டை இங்கதான்.

நான் சொன்னேன், வாசல்ல திண்டே வேண்டாம். அண்ணா ஒத்துக்கவே இல்லை. ‘திண்டு இல்லாம பாத்ரூமா? தண்ணி ஹாலுக்கு வந்தா நாளைக்கு என்னைத்தானே திட்டுவீங்க?’ நான் மறுபடி போட்டோ காட்டினேன். அவர் மறுபடி தலையை ஆட்டினார். ரெண்டு நாள் இப்படியே போச்சு. பழைய ஆளு, புதுசா எதுவும் ஏத்துக்க மாட்டார்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டேன்.

மூணாவது நாள் அம்மாதான் அவர்கிட்ட பேசினாங்க. ‘தம்பி, எனக்குக் காலைத் தூக்காம உள்ள போகணும். தண்ணியும் வெளிய வரக் கூடாது. ரெண்டுக்கும் சேர்த்து ஒரு வழி சொல்லுங்களேன்.’

அவ்வளவுதான். நான் ரெண்டு நாளா ஒரு டிசைனைக் காட்டி, முடியுமா முடியாதான்னு கேட்டுட்டு இருந்தேன். அம்மா பிரச்சினையைச் சொன்னாங்க. அண்ணா சாக்பீஸை எடுத்துட்டு தரையில குந்திட்டார். அரை நாள் யோசிச்சார்.

எங்க பாத்ரூம் அஞ்சடிக்கு எட்டடி. வாசல் பக்கம் வாஷ்பேசினும் கம்மோடும். கடைசி மூணடி குளிக்கிற இடம். பழைய டைல்ஸை எடுத்து, உள்ள நிரப்பியிருந்த செங்கல் ஜல்லியையும் எடுத்தாச்சு, ஓதத்துக்காக அது எப்படியும் எடுக்க வேண்டியதுதான். அதனால மட்டத்தைப் புதுசா வைக்க இடம் கிடைச்சது. வாசல்ல அரை இஞ்ச் மட்டும் இறக்கம், அதுவும் சரிவா இழைச்ச கிரானைட் துண்டு வச்சு. குளிக்கிற இடத்துல அடிக்குக் கால் இஞ்ச் வாட்டம், அது ஆரம்பிக்கிற இடத்துல குறுக்கே நீளமா ஒரு சேனல், மேல சல்லடை மூடி. தண்ணி வாசல் பக்கம் வரணும்னா முதல்ல அந்தச் சேனலைத் தாண்டணும்.

ஆனா ஒரு நிபந்தனை போட்டார். நான் ஆசைப்பட்ட நாலடிக்கு ரெண்டடி பெரிய டைல்ஸ் தரைக்கு ஆகாது. பெரிய டைல்ஸ் வாட்டத்துக்கு வளைஞ்சு கொடுக்காது, தண்ணி அங்கங்க தேங்கும். ஒரு அடிக்கு ஒரு அடி, வழுக்காத டைல்ஸ்தான் போடணும்னார். அந்த நாலடி டைல்ஸைத்தான் நான் மாசக்கணக்கா பார்த்து வச்சிருந்தேன். விட்டுட்டேன். சுவத்துல போட்டுக்கிட்டேன்.

வாட்டர்ப்ரூஃபிங் அடிச்சப்புறம் பைப் வாயை அடைச்சு, தரை முழுக்கத் தண்ணி கட்டி 48 மணி நேரம் விட்டோம். கீழ் வீட்டுக்காரரைத் தினமும் சீலிங்கைப் பார்க்கச் சொன்னேன். சொட்டு ஈரம் இல்லைன்னு அவர் சொன்னப்புறம்தான் டைல்ஸ். யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இந்த ஒரு சோதனையைத் தாண்டாதீங்க.

கிச்சன்ல அவர் என்னைக் காப்பாத்தினார். மேடை 36 இஞ்ச் உயரம் வேணும்னு எழுதிக் கொடுத்திருந்தேன். எங்கேயோ பார்த்தது. அண்ணா, ‘சமைக்கிறது யாரு?’ன்னு கேட்டார். அம்மான்னேன். அம்மா உயரம் நாலு அடி பதினொரு இஞ்ச். செங்கல்லை அடுக்கி, மேல ஒரு பலகை போட்டு, ‘அம்மா, இதுல சப்பாத்தி மாவு பிசைங்க’ன்னார். 36ல தோள் தூக்கிக்கிச்சு. 34லயும் அப்படித்தான். 31ல நின்னாங்க, ‘ஆங், இதுதான்’னாங்க. அடுப்பும் கிரைண்டரும் அந்த உயரத்துலதான் இருக்கு. நான் கொஞ்சம் குனிஞ்சு காபி போடுறேன். பரவாயில்லை, நான் போடுறது ஒரு காபிதான்.

அப்போ எல்லாத்துக்கும் அண்ணா சொல்றதைக் கேட்டா போதுமா? இல்லை. கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவுல இருந்த சுவரை எடுக்கணும்னப்போ, ‘நாலரை இஞ்ச் சுவர்தான் மா, தாராளமா எடுக்கலாம்’னார். அவர் சொன்னது சரியாவும் இருந்துச்சு. ஆனா நான் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். அவர் சுவரை எடுக்கலாம்னு சொல்லிட்டு, இன்னொண்ணைக் கண்டுபிடிச்சார். மேல இருக்கிற பீமை லேசா கொத்தி ஒயர் பைப்பை மறைக்கலாம்னு எலக்ட்ரீஷியன் கோடு போட்டு வச்சிருந்தார். பீம், தூண், ஸ்லாப் எதுலயும் உளி படக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டுப் போனார். நம்ம வீட்டுக்கு மேல இன்னொரு வீடு நிக்குது. அழகுக்காக அதுல கை வைக்க நமக்கு உரிமை இல்லை.

அண்ணா தடுத்தும் நான் அடம்பிடிச்சது ஒண்ணு இருக்கு. கறுப்புக் குழாய். ‘போர் தண்ணி மா, வெள்ளை படியும்’னார். படிஞ்சிடுச்சு. தினமும் துணி வச்சுத் தொடைச்சிட்டு இருக்கேன். யாருகிட்டயும் சொல்லாதீங்க.

கடைசியா, எங்களுக்கு உதவின மூணு பழக்கம். ஒண்ணு, தினமும் சாயங்காலம் ஒரு மெசேஜ். இன்னைக்கு என்ன முடிவாச்சு, அதுக்குக் கூடுதலா எவ்வளவு, நாளைக்குள்ள நான் என்ன சொல்லணும். மூணே வரி. வாய்ஸ் நோட் வேண்டாம், பின்னாடி தேட முடியாது. அந்தச் சேனலுக்கு ஆன கூடுதல் செலவு இப்படி எழுத்துல இருந்ததால பில் வந்தப்போ சண்டையே வரலை.

ரெண்டு, பூச்சு மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவத்தையும் டேப் வச்சு அளந்து, டேப்போட சேர்த்தே போட்டோ. அம்மாவுக்குப் பிடிச்சு எழுந்திருக்க ஒரு கைப்பிடி போட டிரில் பண்ணப்போ, பைப் எங்க ஓடுதுன்னு அந்தப் போட்டோதான் சொல்லுச்சு.

மூணு, பணம். வேலை முடிய முடிய, கட்டம் கட்டமா. ஆனா வெள்ளிக்கிழமையே கணக்கு முடிச்சுக் கொடுத்துடுவேன். சனிக்கிழமை பட்டுவாடாவுக்கு அவர் யார்கிட்டயும் கைமாத்து வாங்கற நிலைமை வரக் கூடாது இல்லையா?

வேலை முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. அம்மா இப்போ பாத்ரூமுக்குத் தரையைப் பார்க்காமலே போறாங்க. போன வாரம் அண்ணா ஒரு கதவுத் தாழ்ப்பாளைச் சரி பண்ண வந்தார். பாத்ரூம் வாசல்ல நின்னு காலால அந்தக் கிரானைட் துண்டைத் தடவிப் பார்த்துட்டு, ‘அடுத்த வீட்டுலயும் இப்படித்தான் மா போடப் போறேன்’னார்.

அம்மா பின்னாடியே வந்து, ‘ரொம்ப நல்லா இருக்கு தம்பி. அங்க ஒரு மிதியடி போட்டா இன்னும் நல்லா இருக்கும்’னாங்க. நானும் அண்ணாவும் ஒரே குரல்ல, ‘வேண்டாம்!’

மொத்த வேலையிலயும் நாங்க ரெண்டு பேரும் யோசிக்காம ஒத்துப்போன ஒரே டிசைன் முடிவு அதுதான். உங்க வீட்டுல ‘பாத்துக்கலாம்’னு விட்டு மாட்டின கதை இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.