மொதல்ல கூரை, கடைசியில பெயிண்ட்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



பழைய வீட்டை வாங்கிச் சரிபண்ணுறதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் பதினெட்டு வருஷமா சித்தாள் வேலை பார்க்கிறவள். போன வருஷம்தான் பூட்டிக் கிடந்த ஒரு ஓட்டு வீட்டை வாங்கினேன். நம்மில் பல பேர் இப்போ அப்படி வாங்குறாங்க. அதனால தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதலில் பத்திரம். தாய்ப்பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாம் பாருங்க. வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்காவது போட்டுப் பாருங்க. அப்பா சொத்தைப் பிள்ளைகள் விற்றால், கட்டிக்கொடுத்த பெண்களும் கையெழுத்துப் போடணும். பரம்பரைச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று நம்ம மாநிலத்தில் 1989-இல் சட்டம் வந்தது. 2005-இல் நாடு முழுக்க வந்தது. தருமபுரியில் நம்ம மகளிர் குழுத் திட்டம் தொடங்கினதும் அதே 1989-இல்தான்.

பதிவை உங்க பேரிலேயே பண்ணுங்க. 1.4.2025 முதல், பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. பத்து லட்சத்துக்குப் பத்தாயிரம் மிச்சம். அதில் கொஞ்சம் ஓடு வாங்கலாமே!

அடுத்தது கூரை. உச்சி வெயிலில் கதவு ஜன்னலைச் சாத்திட்டு உள்ளே நின்னு மேலே பாருங்க. வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும் இடத்தில் மழையும் இறங்கும். கைமரத்தையும் ரீப்பரையும் தட்டிப் பாருங்க. பொத்துப் பொத்துன்னு சத்தம் வந்தால் உள்ளே கரையான் தின்னிருக்கும். அந்தக் கட்டையை மாத்தாமல் மேலே புது ஓடு போட்டுப் பிரயோசனம் இல்லை. இந்த வேலையெல்லாம் ஐப்பசி மழைக்கு முன்னாடி முடியணும். முற்றத்துத் தண்ணி சுவர் ஓரம் நிக்காமல் வெளியே ஓட வாட்டம் எடுக்கணும்.

மூணாவது சுவர். பழைய வீடு பலதும் சுண்ணாம்பில் கட்டினது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு காத்தில் உலரவிடும். அதுமேல சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிக்கும். கொஞ்ச நாளில் பூச்சு உப்பி விழும். அதனால சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசச் சொல்லுங்க. "சிமெண்ட்தான் கெட்டி"ன்னு கொத்தனார் சொன்னாலும், ஏன்னு கேளுங்க. காசு நம்முடையது.

நாலாவது கரண்ட். பழைய வயரை நம்பாதீங்க. எர்த் சரியா இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி., அதாவது உயிர்காக்கும் சாதனம், கட்டாயம் வைங்க. கரண்ட் கசிஞ்சால் அது உடனே இணைப்பைத் துண்டிச்சிடும். ஈரச் சுவர் இருக்கிற வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம்.

இவ்வளவும் முடிஞ்ச பிறகுதான் டைல்ஸ், பெயிண்ட் எல்லாம். சொல்றது சுலபம், செய்யறது கஷ்டம். நான் பால் காய்ச்சின அன்னைக்கு என் வீட்டுச் சுவரில் பெயிண்ட் கிடையாது. "கடன் வாங்கி வாங்கின வீடு, பாழடைஞ்ச மாதிரியே இருக்கே"ன்னு சொந்தக்காரங்க முகத்துக்கு நேரா சொன்னாங்க. எனக்கும் வலிச்சது. ஆனால் அவங்க பேச்சுக்காகப் பெயிண்ட் அடிச்சிருந்தால், கூரைக்கு மறுபடியும் கடன் வாங்கணும். சுவர் நனைஞ்சாலும் காய்ஞ்சாலும் மாசத் தவணை நிக்காது.

குழுவில் நாம் தீர்மானம் எழுதுற மாதிரி வீட்டு வேலைக்கும் ஒரு நோட்டுப் போடுங்க. எந்த வேலை, எவ்வளவு பொருள், எத்தனை ஆள் கூலின்னு அன்னன்னைக்கு எழுதுங்க. முடிஞ்ச வேலையைப் பார்த்துப் பணம் கொடுங்க, மொத்தமா முன்பணம் கொடுக்காதீங்க. கையில் காசு குறைஞ்சால் ஒரே ஒரு அறையை முழுசா முடிச்சு அதில் குடியிருங்க. மத்த அறை காத்திருக்கட்டும்.

இத்தனை காலம் அடுத்தவங்க வீட்டுக்குச் செங்கல் சுமந்தோம், கலவை சுமந்தோம். வீட்டு வேலை நமக்குத் தெரியாத வேலை இல்லை. நம்ம வீட்டில் எதை முதலில் செய்யணும்னு நாமே முடிவு பண்ணுவோம்.