கணவனும் மனைவியும் சேர்ந்தே போக வேண்டிய கூட்டம்



குடும்ப நலப் பேச்சு என்றதும், இன்றைக்கும் காப்பர்-டி, ஆபரேஷன் என்று ஆரம்பித்துவிடுவேனோ என்று பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆண்கள் மெல்ல எழுந்திருக்கப் பார்க்கிறீர்கள். உட்காருங்கள். அது கடைசியில் கொஞ்சம் வரும். இன்றைக்குச் சொல்ல வந்தது நான் போய் வந்த ஒரு கூட்டத்தைப் பற்றி.

போன நவம்பரில் அது வேலூரில் நடந்தது. சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்து தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் அவர்கள் வீட்டார்களும் கூடிய கூட்டம். ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019 நவம்பரில் திருப்பத்தூர் மாவட்டத்தோடு போய்விட்டன. ஆனாலும் பெரிய வைத்தியம் என்றால் நம் ஜனங்களுக்கு இன்றும் வேலூர்தான்.

முதலில் இந்த நோய் எது என்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சர்க்கரை என்றால் நாற்பது வயதுக்கு மேல் வருவது, மாத்திரை போட்டால் போதும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது இரண்டாம் வகை. நான் சொல்வது முதல் வகை. டாக்டர்கள் டைப் ஒன் என்பார்கள். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. இன்சுலின் அங்கேதான் சுரக்கிறது. நாம் சாப்பிடுகிற சோறு, களி, இட்லி எல்லாம் சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை ரத்தத்தை விட்டுச் சதைக்குள் போய் பலமாக மாற இன்சுலின் வேண்டும். சில பிள்ளைகளுக்கு உடம்பைக் காக்கிற எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் கணையத்தின் அந்தப் பகுதியை அழித்துவிடுகிறது. அப்புறம் அந்தப் பிள்ளைக்கு இன்சுலின் வெளியிலிருந்துதான் வர வேண்டும். மிட்டாய் தின்றதால் வந்தது இல்லை. வயிற்றுப்பிள்ளையோடு கிரகணத்தில் வெளியே வந்ததால் வந்ததும் இல்லை. தாய் செய்த தப்பும் இல்லை, தகப்பன் செய்த தப்பும் இல்லை.

அடையாளங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். பிள்ளை ஓயாமல் தண்ணி கேட்கும். ராத்திரியில் நாலைந்து தடவை ஒன்றுக்குப் போகும். பழக்கம் விட்டுப்போன பிள்ளை மறுபடியும் பாயை நனைக்கும். மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்க்கும். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துப்போகும். இதைக் கவனிக்காமல் விட்டால் வாந்தி, வயிற்றுவலி, நீளமாக மூச்சு வாங்குதல், மயக்கம். வாயில் பழ வாடை வரும். வயிற்றுவலி என்று குடல் பூச்சிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் ஒரு நாளிலேயே காரியம் கெட்டுவிடும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம்.

நான் வேலைக்கு வந்த புதிதில், 1997-ல் ஒரு கிராமத்தில் எட்டு வயதுப் பெண் குழந்தைக்கு இது வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்து, இன்சுலின் கொடுத்து அனுப்பினார்கள். அம்மா தினமும் ஊசி போட்டாள். அப்பா டேனரி வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். ஆஸ்பத்திரியில் சொன்னது எதையும் அவர் கேட்டதில்லை, அம்மா ஒருத்திதான் கேட்டாள். அவருக்கு யாரோ ஒருவர், "பொட்டப்புள்ளைக்கு ஊசி பழக்காதே, நாப்பது நாள்ல கஷாயத்துல தீத்துடறேன்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா நல்லதுக்கு என்றுதான் ஊசியை நிறுத்தினார். அம்மா மாட்டேன் என்று அழுதாளாம். நாலாம் நாள் குழந்தை போய்விட்டது. அந்த வாரம் நான் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன், தாய்மார்களே. அம்மாவிடம் பேசிவிட்டு வந்தேன். அப்பா வருகிற வரைக்கும் காத்திருக்கவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டேன். இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. புருஷனும் சேர்ந்து வந்து கேட்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால் அதனால்தான்.

கூட்டத்துக்கு வருகிறேன். காலை எட்டரைக்கு டிபன். அதற்கு முன்னால் எல்லோரும் விரலைக் குத்திப் பார்த்தார்கள், வயிற்றிலோ தொடையிலோ ஊசி போட்டுக்கொண்டார்கள். ஹாலின் நடுவிலேயே, ஒளிவு மறைவு இல்லாமல்! பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். வீட்டில் கதவைச் சாத்திவிட்டுத்தான் மகனுக்கு ஊசி போடுவாராம், பக்கத்து வீட்டுக்குக் கூடத் தெரியாது. "இன்னாம்மா இது, கல்யாணத்துல வெத்தில போடற மாதிரி போட்டுக்கறாங்க" என்றார். அவருடைய ஏழு வயது மகன் அதுவரை அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தவன். பத்து வயதுப் பெண் ஒருத்தி அவனைக் கூப்பிட்டு, "இங்க பாரு, மேல கீழ மாத்தி மாத்திக் குத்தணும், ஒரே எடத்துல குத்தினா கட்டி விழும்" என்று தன் வயிற்றைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். நான் ஒரு மணி நேரம் பேசினாலும் அவன் கேட்டிருக்க மாட்டான்.

இப்படிக் கூடுவது புதுசு இல்லை. இன்சுலின் முதன்முதலில் கனடா நாட்டு டொரண்டோவில் 1922 ஜனவரியில் பதினாலு வயதுப் பையன் லெனார்டு தாம்சனுக்குப் போடப்பட்டது. அதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகள் ஒரு வருஷம், இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டாக்டர் பாண்டிங் பிறந்தது நவம்பர் 14. அதனால்தான் அந்த நாளை உலக சர்க்கரை நோய் தினமாக வைத்திருக்கிறார்கள். லண்டனில் ராபர்ட் லாரன்ஸ் என்று ஒரு டாக்டர். அவருக்கே இந்த நோய். பிழைக்க மாட்டோம் என்று இத்தாலியில் போய் இருந்தவர், 1923-ல் இன்சுலின் கிடைத்துத் திரும்பி வந்தார். எச்.ஜி. வெல்ஸ் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து 1934-ல் சர்க்கரை நோயாளிகளுக்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்தார். கல்யாணம் செய்தார், மூன்று மகன்கள், 1968 வரை இருந்தார்.

கல்யாணம் என்றேன். அன்றைக்குக் கூட்டத்தில் பெரிய பேச்சே அதுதான். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிற ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயது இருக்கும். பன்னிரண்டு வயதில் வந்ததாம். மாப்பிள்ளை வீட்டில் சொல்லாதே என்று அம்மா சத்தியம் வாங்கிவிட்டார். மாமியார் வீட்டில் ஊசியை எங்கே ஒளிப்பது, எப்போது போடுவது? இரண்டு நாள் போடவில்லை. மூன்றாம் நாள் வாந்தி, மயக்கம், ஆம்புலன்ஸ். புருஷனுக்கு விஷயம் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அந்தப் புருஷனும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரை மைக்கில் பேசச் சொன்னார்கள். வெட்கப்பட்டுக்கொண்டே, "பொய் சொல்லிட்டாங்களேன்னு ஒரு மாசம் நான் பேசல. அப்புறம் ஊசி வாங்கறது, நோட்டுல எழுதறது எல்லாம் நான்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர்களுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

உடனே நாலைந்து தாய்மார்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: அந்தப் பிள்ளைகளுக்கும் வருமா? எங்கள் வீட்டில் அடுத்த பிள்ளைக்கும் வருமா? ஒரு பெண்ணை மாமியார், "ராசி கெட்ட வயிறு, இன்னொண்ணு வேணாம்" என்று சொல்லியே வைத்திருக்கிறாராம். டாக்டர் சொன்ன பதில் இது. ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப் பிறந்ததற்கு வருவது நூற்றில் ஏறக்குறைய ஐந்து, ஆறு பேருக்குத்தான். மீதித் தொண்ணூற்று நாலு பேருக்கு வராது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது அதைவிடவும் குறைவு.

இப்போது காப்பர்-டி வருகிறது, ஐயாமார்களே. இந்த நோய் உள்ள பெண் பிள்ளை பெறலாம்; ஆனால் நாள் பார்த்துப் பெற வேண்டும். குழந்தையின் இதயம், முதுகெலும்பு எல்லாம் முதல் எட்டு வாரத்தில் உருவாகிவிடுகிறது. அப்போது தாயின் சர்க்கரை ஏறியிருந்தால் ஊனம் வரலாம். பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே அப்போது தெரியாது. ஆகவே முன்கூட்டியே மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை செய்து, அது 6.5-க்குக் கீழே வந்தபிறகு, போலிக் ஆசிட் மாத்திரையையும் தொடங்கிவிட்டு, டாக்டர் சரி என்றால் பிறகு. அதுவரைக்கும் காப்பர்-டியோ நிரோத்தோ. இதைப் பெண் தனியாகத் தீர்மானிக்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு சின்னச் சின்ன விஷயங்கள் பேசினார்கள். எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது. காலையில் கம்பெனி பஸ் ஆறரைக்கு வந்துவிடுகிறது, அம்மா போய்விடுகிறாள், பிள்ளைக்கு யார் ஊசி போடுவது? ஒரு வீட்டில் ஆயா கற்றுக்கொண்டிருக்கிறார், எழுதப் படிக்கத் தெரியாது, சிரிஞ்சில் கோட்டை எண்ணிப் போடுகிறார். 2022-ல் வந்த காலை உணவுத் திட்டத்தில் பள்ளியில் சாப்பிடுகிற பிள்ளைக்கு வீட்டிலேயே ஊசியைப் போட்டு அனுப்பினால், அங்கே உப்புமா வர நேரமாகும்போது சர்க்கரை இறங்கிவிடும். டீச்சரிடம் சொல்லிவைத்தால் சாப்பாட்டு நேரத்துக்கே போடலாம். சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வேர்க்கும், பசிக்கும், சிடுசிடுப்பு வரும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; 108-க்குக் கூப்பிடுங்கள்.

நம் ஊர் வெயிலில் இன்சுலின் கெட்டுப்போகும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண் பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானையை வைத்து, மருந்து நனையாமல் மூடி நிழலில் வைக்கலாம். மணல் காயக் கூடாது. திறந்த மருந்தை நாலு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். வண்டி சீட்டுக்கு அடியில் வைத்து வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஒரு தகப்பனார் அப்படிச் செய்து ஒரு மாத மருந்தை வீணாக்கிய கதையைச் சொன்னார், சிரித்தோம். காய்ச்சல் வந்து பிள்ளை சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. அளவை டாக்டரைக் கேட்டு மாற்றுங்கள். ரம்ஜான் நோன்பு பற்றி ஆம்பூர் தாய்மார்கள் கேட்டார்கள். நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு இருக்கிறது. இந்த வகைக்காரர்களுக்கு நோன்பு ஆபத்து அதிகம். டாக்டரைக் கேட்காமல் பிடிக்க வேண்டாம்.

இன்னொன்று. ஒல்லியாக இருக்கிற இளைஞருக்கு வந்த சர்க்கரை எல்லாம் முதல் வகை ஆகிவிடாது. சிறுவயதில் போதிய ஊட்டம் இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு வேறொரு வகை வருகிறது. நம் வேலூர் சி.எம்.சி. டாக்டர்களும் வெளிநாட்டவர்களும் சேர்ந்து அதைப் பல வருஷம் ஆராய்ந்தார்கள். 2025-ல் உலக சர்க்கரை நோய்ச் சங்கம் அதை ஐந்தாம் வகை என்று ஏற்றது. அவர்களுக்கு இன்சுலின் அளவே வேறு. ஆகவே பக்கத்து வீட்டுப் பையன் போடுகிற அளவைப் பார்த்து நீங்கள் போடாதீர்கள்.

அடுத்த கூட்டம் எப்போது என்று உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் சொல்வார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இரண்டு பேருமே வாருங்கள். ஷிப்டு என்றால் ஒரு நாள் லீவு சொல்லுங்கள். ஆயாவையும் கூட்டி வரலாம். சர்க்கரை அளவு எழுதிய நோட்டு, மருந்து, சிரிஞ்சு, பையில் கொஞ்சம் சர்க்கரைப் பொட்டலம். டிபன் அங்கே தருவார்கள்; ஆனாலும் பஸ் தாமதமாகும், கையில் இரண்டு இட்லி இருக்கட்டும்.