பழைய சிறு டிராக்டரைப் பேணும் முறை

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் கூடிய உழவர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



டிராக்டரைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் இயந்திர நிபுணன் அல்லன். கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு அரசுப் பணிக்கு வந்தவன். எனினும் இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. தவறு செய்து கற்றுக்கொண்டவன் என்பதே அத்தகுதி.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய மலையூர் ஒன்றில் பன்னிரண்டு குடும்பத்தார் கூடிப் பணம் போட்டு, சமவெளியிலிருந்து பழைய சிறு டிராக்டர் ஒன்றை வாங்கினர். வாங்குமாறு ஊக்கியவர்களில் நானும் ஒருவன். முதல் மழை பெய்து, சாமை விதைக்க நிலம் பதமாக இருந்த சமயத்தில் அந்த வண்டி நின்றுவிட்டது. செல்ப் சுற்றியது, இயந்திரம் பற்றவில்லை. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பேட்டரி தீரும் வரையில் சுற்றிப் பார்த்துவிட்டு, புளியமரத்தடியில் தள்ளி நிறுத்தினார்கள். மலைக்குக் கீழிருந்து மெக்கானிக் வந்து சேர ஒன்பது நாட்கள் ஆயின. வந்தவர் டீசல் பில்டரின் மேலிருந்த ஒரு திருகைத் தளர்த்தி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, அரைமணி நேரத்தில் வண்டியை ஓட்டிக் காட்டினார். டாங்கியில் டீசல் அடியோடு வற்றும் வரையில் ஓட்டியதால் குழாயில் காற்று புகுந்திருந்தது. நேர்ந்த பழுது அவ்வளவுதான். ஆனால் அதற்குள் நிலத்தின் பதம் போய்விட்டது. ஏர்மாடு இரவல் கிடைத்த இரண்டொரு குடும்பத்தார் மட்டுமே காலத்தில் விதைத்தனர்.

அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் அன்று என்னிடம் சொன்னார்: “ஐயா, எங்க மாடு படுத்தா ஏன் படுத்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும். இது நின்னா ஒண்ணும் தெரியலையே.” எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மாட்டைப் பார்த்து அறிவது போலவே டிராக்டரையும் பார்த்து அறியலாம் என்பதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

பழைய வண்டி என்றால் இழிவாக எண்ண வேண்டாம். நம் நாட்டில் அரசாங்கம் டிராக்டர் உழவைப் பெரிய அளவில் தொடங்கியதே பழைய வண்டிகளைக் கொண்டுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், அமெரிக்கப் படையின் உபரியாய் எஞ்சிய டிராக்டர்களைச் செப்பனிட்டு, மத்திய டிராக்டர் ஸ்தாபனம் என்னும் அமைப்பு வட இந்தியாவில் கான்ஸ் புல் மண்டிக் கிடந்த நிலங்களைத் திருத்தத் தொடங்கியது. பின்னர் 1949-இல் உலக வங்கியின் கடனைக் கொண்டு புதிய இயந்திரங்கள் வாங்கப்பட்டன. இயந்திரம் வந்தால் மட்டும் போதாது, அதை அறிந்த கைகளும் வேண்டும் என்பதால், 1955-இல் மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னும் ஊரில் டிராக்டர் பயிற்சி நிலையம் அமைந்தது. அங்கே இன்றும் பயிற்சியும் சோதனையும் நடைபெறுகின்றன. நமக்குச் சற்று அருகில், ஆந்திர மாநிலம் அனந்தப்பூர் மாவட்டத்துக் கார்லதின்னேயிலும் அத்தகைய நிலையம் ஒன்று உண்டு.

நம் மலையில் நிலம் துண்டு துண்டாக இருக்கிறது. சரிவும் கல்லும் கலந்தது. ஆகவே 15 முதல் 25 குதிரைச் சக்தி வரையுள்ள சிறு டிராக்டரே பொருந்தும். ஆனால் ஒன்று: ஆண்டில் சில நாட்களே வேலை இருக்குமானால் வாங்கவே வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு இயந்திரம் தருகிறது. இ-வாடகை என்னும் கைபேசிச் செயலியிலேயே பதிவு செய்து கொள்ளலாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகும் சொந்த வண்டி வேண்டும் என்று தோன்றினால்தான் மேலே பேசுவதில் பொருள் உண்டு.

வாங்கப் போகும்போது காலை வேளையில், முன்னறிவிப்பு இன்றிப் போங்கள். முதலில் இயந்திரத்தின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அறியலாம். குளிர்ந்த வண்டி எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் உண்மை நிலை தெரியும். பிறகு ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். டீசல் வண்டியில் ஆயில் கறுத்திருப்பது குற்றம் அல்ல. ஆனால் பால் கலந்த காபி போல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே புகுகிறது என்று பொருள். அந்த வண்டியை விட்டுவிட்டு வாருங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் வாய் மூடியைக் கழற்றினால் புகை குபுகுபுவென்று வருமானால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. கலப்பையை மாட்டி, ஹைட்ராலிக்கில் தூக்கி நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். நன்றாயுள்ள வண்டியில் கலப்பை தூக்கிய இடத்திலேயே நிற்கும். புது வர்ணம் அடித்திருந்தால் எனக்கு முதலில் சந்தேகமே எழும். விலை பேசுமுன், அந்த வகை வண்டிக்குப் பில்டரும் பெல்ட்டும் போளூரிலோ திருப்பத்தூரிலோ கிடைக்கின்றனவா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். உதிரி பாகம் கிடைக்காத வண்டி இனாமாக வந்தாலும் நஷ்டமே.

காகித விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வங்கிக் கடன் இருந்து தீர்ந்திருந்தால் படிவம் 35. வாங்கியவர் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்த முதல் வாரத்தில், பழைய உடைமையாளர் என்ன சொல்லியிருந்தாலும் சரி, இயந்திர ஆயிலையும் ஆயில் பில்டரையும் டீசல் பில்டரையும் மாற்றிவிடுங்கள். அன்றைய தேதியையும் மணிக்கணக்கு மீட்டர் காட்டும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வண்டிக்கு அன்றுதான் பிறந்த நாள் என்று வைத்துக்கொள்ளலாம்! அடுத்த ஆயில் எத்தனை மணி நேரத்துக்குப் பின் என்பது அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். கையேடு இல்லாமல் வண்டியை வாங்காதீர்கள்; தொலைந்திருந்தால் விற்பனையாளரிடம் பிரதி கேட்டு வாங்குங்கள்.

இயந்திரத்துக்கு வேண்டியவை நான்கு: சுத்தமான காற்று, சுத்தமான டீசல், போதிய ஆயில், குளிர்ந்த நீர். பெரும்பாலான நோய்கள் இவற்றில் ஒன்று கெடுவதாலேயே வருகின்றன. சாமை, கேழ்வரகுத் தாள்களுக்கிடையே புழுதி பறக்க உழும் நாட்களில் ஏர் கிளீனரை அன்றாடம் பார்க்க வேண்டும். ஆயில் நிரப்பிய கிண்ணம் உள்ள வகையானால், கிண்ணத்தின் அடியில் சேறு படிந்தவுடன் கொட்டிக் கழுவிப் புது ஆயிலைக் குறியளவு ஊற்றுங்கள். காகித வகையானால் மெல்லத் தட்டுங்கள், தண்ணீரில் கழுவாதீர்கள். உள்ளே போகும் புழுதி, உரல் குழியில் அரிசியை அரைப்பது போல் சிலிண்டரை அரைத்துவிடும். ரேடியேட்டர் முகப்பில் பதர் அடைத்திருந்தால் தூரிகையால் நீக்குங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பாயும்.

மலையூர்களில் டீசலைக் கேனில் சுமந்து வந்து வைக்கிறோம். அந்தக் கேன் மண்ணெண்ணெய்க்கோ பூச்சிமருந்துக்கோ பயன்பட்டதாக இருக்கக் கூடாது. ஓரிரவு அசையாமல் வைத்து, அடியிலுள்ள கலங்கலை விட்டுவிட்டு, மெல்லிய துணியில் வடித்து ஊற்றுங்கள். மாலையில் வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்புவது நல்லது. வெற்று டாங்கியில் இரவுக் குளிரில் நீர்த்துளி பூக்கும். மார்கழிக் குளிரை அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, வண்டி நின்றால் என்ன செய்வது? முதலில் எதையும் கழற்றாதீர்கள். செல்ப் சுற்றவே இல்லையானால் நோய் மின்சாரப் பக்கத்தில் இருக்கிறது. பேட்டரி முனைகளில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் வெந்நீரால் கழுவி, இறுக்கி, கிரீஸ் தடவுங்கள். பாதி வண்டிகள் அதிலேயே கிளம்பிவிடும். கிளட்சையும் மிதித்து, கியரை நியூட்ரலில் வைத்தீர்களா என்றும் பாருங்கள். சில வண்டிகள் அப்படி வைத்தாலன்றிச் சுற்றா.

செல்ப் சுற்றியும் பற்றவில்லையானால் டீசல் பக்கம் பாருங்கள். நிறுத்தும் கம்பியை உள்ளே தள்ளியிருக்கிறீர்களா? டாங்கிக் குழாய் திறந்திருக்கிறதா? சிரிக்காதீர்கள், இவ்விரண்டுக்கும் மெக்கானிக்கை அழைத்த ஊர்களை நான் அறிவேன். டீசல் வற்றி நின்ற வண்டியானால் டாங்கியை நிரப்பி, பில்டர் தலையிலுள்ள காற்றுத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்குங்கள். முதலில் நுரையாக வரும். குமிழி இல்லாமல் டீசல் ஒரே சீராக வந்ததும் திருகை இறுக்கிவிட்டு, டீசல் பம்பில் உள்ள திருகிலும் அப்படியே செய்யுங்கள். இவ்வளவுதான் அந்த ஒன்பது நாள் ரகசியம். இன்ஜெக்டர் குழாய்களை மட்டும் தொடாதீர்கள். அதில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது மெக்கானிக்கின் வேலை.

ஓடும் வண்டியின் நோயைப் புகை சொல்லும். கரும்புகை வந்தால் காற்று அடைபட்டிருக்கிறது, அல்லது சக்திக்கு மீறிய சுமையை இழுக்கிறது. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. காலைக் குளிரில் சற்று நேரம் வெண்புகை வருவது இயல்பு. சூடேறிய பின்னும் நிற்காவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆயில் அழுத்த விளக்கு எரிந்தால் அந்தக் கணமே நிறுத்துங்கள். சால் முடியட்டும் என்று பார்த்தால் இயந்திரமே முடிந்துவிடும்.

இதுவரை சொன்னவை தவறினால் பணம் போகும். இனிச் சொல்வது தவறினால் உயிர் போகும். 2022 ஏப்ரலில் நம் ஜவ்வாது மலையிலேயே, புதூர்நாட்டுப் பக்கத்தில், கோயிலுக்குச் சென்றவர்களை ஏற்றிய சரக்கு வண்டி பள்ளத்தில் உருண்டு பத்துப் பேருக்கு மேல் மாண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தனர். டிராக்டர் டிரெய்லரும் சரக்கு ஏற்றுவதற்கே ஆனது. திருவிழாவானாலும் திருமணமானாலும் அதில் ஆட்களை ஏற்றுவதில்லை என்று ஒவ்வொரு பஞ்சாயத்தும் முடிவெடுக்க வேண்டும். இதைச் சொல்வதால் சிலருக்கு என் மேல் வருத்தம் வரும், வரட்டும்.

இறக்கத்தில் எந்தக் கியரில் ஏற முடியுமோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவதும், கிளட்சை மிதித்துக்கொண்டு இறங்குவதும் தற்கொலைக்குச் சமம். சாலையில் செல்லும்போது இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கியால் ஒன்றாகப் பூட்டுங்கள். ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி சுழன்று கவிழும். வேர்க்கட்டையையோ சேற்றில் சிக்கிய வண்டியையோ இழுக்கும்போது சங்கிலியைத் தாழ்வாக உள்ள டிரா பாரில் மட்டுமே கட்டுங்கள். டாப் லிங்க் என்னும் மேல் கம்பி மாட்டும் இடத்தில் கட்டினால் முன்சக்கரம் எழும்பி, கண் இமைக்கும் நேரத்தில் வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்துவிடும். எருது உழும் சரிவெல்லாம் டிராக்டர் உழும் சரிவு அன்று. செங்குத்தான கொல்லைகளை எருதுக்கே விட்டுவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தரையில் நின்றபடி செல்ப் மோட்டாரின் முனைகளை ஸ்பேனரால் குறுக்கே தொட்டு வண்டியைக் கிளப்பும் வழக்கம் ஒன்று உண்டு. கியரில் இருக்கும் வண்டி கிளம்பினால், தொட்டவர் நிற்கும் இடம் பின்சக்கரத்தின் முன்னால். ரோட்டவேட்டர் சுழலும்போது வேட்டி நுனியும் துண்டும் அதன் அருகே போகலாகாது.

கூட்டாக வாங்கும் ஊர்களுக்கு ஒரு யோசனை. பன்னிரண்டு பேருக்குச் சொந்தமான வண்டி யாருக்கும் சொந்தமில்லாத வண்டியாகிவிடுகிறது. நான் சொன்ன ஊரில் நேர்ந்ததும் அதுவே. டாங்கியில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்று பார்ப்பது எவர் பொறுப்பு என்பதே அங்கு முடிவாகவில்லை. ஆகவே ஒருவரை, முடிந்தால் படித்த இளைஞரையோ பெண்ணையோ, பொறுப்பாளராக வையுங்கள். சாவி அவரிடம் இருக்கட்டும். நோட்டும் அவரிடமே இருக்கட்டும். உழவுக் கூலியில் மணிக்கு இவ்வளவு என்று பழுதுச் செலவுக்குத் தனியே எடுத்து வையுங்கள். டீசல் பில்டர் ஒன்று, பேன் பெல்ட் ஒன்று, ஸ்பேனர் ஒரு செட், கிரீஸ் கன் ஒன்று, இவை எப்போதும் ஊரிலேயே இருக்க வேண்டும். அந்தப் புளியமரத்தூர்க்காரர்கள் மறுவருஷம் அவ்வாறே செய்தார்கள். நோட்டை எழுதியவர் பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண். அவ்வருஷம் பங்குனியிலேயே ஆயிலும் பில்டரும் மாற்றிவிட்டு மழைக்குக் காத்திருந்தார்கள். காலத்தில் விதைப்பு முடிந்தது.

வெளியே பழைய சிறு டிராக்டர் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறோம். அதன் டீசல் குழாயில் வேண்டுமென்றே காற்றைப் புகவிட்டிருக்கிறார் நம் மெக்கானிக். மதியச் சாப்பாட்டுக்கு முன் அதைக் கிளப்பியாக வேண்டும். முதல் ஸ்பேனரை யார் எடுக்கிறீர்கள்?