கடலோரத்தில் ஒரு வங்கச் சிற்பி

தாயகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நாம் சென்னையை நினைக்குந்தோறும் மெரினாக் கடற்கரையும், அங்கே பெரும் பாறையொன்றைப் பெயர்த்தெடுக்க முனைந்து நிற்கும் நான்கு உழைப்பாளர்களும் நம் மனக்கண்முன் தோன்றுவதுண்டு. 1959-இல் நிறுவப்பெற்ற அந்த வெண்கலச் சிலையை வடித்தவர் நம்மைப் போலவே பிறந்த மண்ணை விட்டு வந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1899-இல், இன்று வங்கதேசத்தைச் சேர்ந்த ரங்கபூர்ப் பகுதியில், தாஜ்ஹாட் என்னும் ஊரில் பிறந்தார். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். 1920-களின் இறுதியில் சென்னைக்கு வந்து, எழும்பூர்ப் பக்கத்து அரசினர் கலைப் பள்ளியில் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் பணியாற்றினார். அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். கே. சி. எஸ். பணிக்கர், எஸ். தனபால் ஆகியோர் அவர்தம் மாணாக்கர். 1954-இல் லலித் கலா அகாதமி தொடங்கப்பெற்றபோது அதன் முதல் தலைவரும் அவரே. 1958-இல் பத்மபூஷண் விருது அவரை அடைந்தது.

சென்னையில் அதற்கு முன்பும் சிலைகள் இல்லாமலில்லை. குதிரைமீது கம்பீரமாக வீற்றிருக்கும் ஆளுநர் மன்றோவின் சிலை 1839 முதல் நிற்கிறது. ஆனால், பதவியும் பட்டமும் பெயருமற்ற கூலியாட்களைக் கடற்கரைச் சாலையில் பீடமேற்றியவர் இவ்வங்காளியே. அவ்வுருவங்களுக்குக் கலைப் பள்ளியின் இரவுக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் மாதிரியாக நின்றனர் என்பர். சிற்பி வெகுதூரம் தேடிச் செல்லவில்லை. தம் வாயிலில் நின்றவரையே உற்று நோக்கினார்.

பாட்னாவில் வாழும் தமிழர்கள் தலைமைச் செயலகத்தின் எதிரே தியாகிகள் நினைவுச் சின்னத்தைக் கண்டிருப்பர். 1942 ஆகஸ்டு 11-ஆம் நாள், கொடியேற்ற முயன்று குண்டுக்கு இரையான ஏழு இளைஞர்களின் நினைவாக அதை வடித்தவரும் இவரே. தில்லித் தமிழர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் ‘பதினொரு மூர்த்தி’யும் இவர் கைவண்ணமே, காந்தியடிகளைப் பின்தொடரும் பதின்மரை அங்கே காணலாம். 2016-இல் செல்லாததாக அறிவிக்கப்பட்ட பழைய 500 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் அக்காட்சியை நாம் சட்டைப் பையிலேயே சுமந்து திரிந்தோம். அது நிறுவப்பெறுமுன்பே, 1975-இல், சிற்பி மறைந்தார்.

அயலூரில் வாழும் நாம் விட்டு வந்ததை எண்ணி ஏங்குகிறோம், அது இயல்பே. ஆயினும், வாழவந்த ஊரின் மக்களை நாம் எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறோம்? நம் குடியிருப்பின் வாயிலில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளியின் பெயரையேனும் அறிவோமா? வங்கத்திலிருந்து வந்த ஒருவர் பார்க்கத் தெரிந்தவராக இருந்ததனாலன்றோ, சென்னை தன் உழைப்பாளரைத் தானே அடையாளங் கண்டுகொண்டது!